எபிரேய வேர்ச்சொல் எதற்குச் சாட்சி?

வேதாகமத்தைப் பற்றிய எந்த வாதத்திலும் ஒரு கட்டத்தில் யாராவது ஒருவர் "மூலபாஷையில் பார்த்தால் அப்படி இல்லை" என்று ஆரம்பித்துவிடுவார். அதோடு எதிராளி வாயடைத்துப் போக வேண்டும் என்பது எழுதப்படாத விதி. வேடிக்கை என்னவென்றால், இந்த ஆயுதம் இரண்டு தரப்பிடமும் இருக்கிறது. வேதாகமத்தில் பிழையே கிடையாது என்பவரும் எபிரேய வேர்ச்சொல்லைத்தான் காட்டுகிறார். அது பக்கத்து நாட்டுக் கதைகளை ஒட்டுப்போட்டுத் தைத்தது என்பவரும் அதையேதான் காட்டுகிறார். சில சமயம் இருவர் கையிலும் இருப்பது ஒரே சொல்.

இதற்குப் பெரிய வசதி செய்து கொடுத்தது 1890இல் வெளிவந்த ஜேம்ஸ் ஸ்ட்ராங்கின் சொல்லடைவு. ஆங்கில வேதாகமத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் எந்த எபிரேயச் சொல் இருக்கிறது என்று காட்டுவதற்காக அவர் எண் போட்டார். பழைய ஏற்பாட்டுக்கு மட்டும் 8,674 எண்கள். எபிரேய எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவர் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு வேர் வரைக்கும் போய்விடலாம். இப்போது அது கைபேசிச் செயலிகளிலேயே வந்துவிட்டது. 1906இல் முழுமையாக வெளிவந்து இன்னமும் பலர் புரட்டுகிற பிரவுன், டிரைவர், பிரிக்ஸ் அகராதியோ சொற்களை அகரவரிசையில் தராமல் வேர்களின் கீழ் அடுக்கியிருக்கிறது. அதைத் திறக்கும்போதே, எல்லாப் பொருளும் வேரிலிருந்துதான் கிளம்புகிறது என்ற எண்ணம் வந்துவிடும்.

எபிரேயமும் இதற்கு இடம் கொடுக்கிற மொழிதான். பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்களைச் சுற்றிக் கட்டப்பட்டவை. க்-த்-ப் என்ற மூன்றை வைத்துக்கொண்டு எழுதினான், எழுத்து, கடிதம் என்று ஒரு குடும்பமே வந்துவிடும். ஆனால் எல்லா வேரும் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. ல்-ஹ்-ம் என்ற மூன்று மெய்களில் 'லெஹெம்' என்றால் ரொட்டி, 'மில்ஹமா' என்றால் போர். ரொட்டிக்காகத்தான் மனிதன் சண்டை போடுகிறான் என்று இதை வைத்துப் பிரசங்கம் செய்யலாம், கேட்க நன்றாகத்தான் இருக்கும். மொழியியல் என்று மட்டும் அதைச் சொல்ல முடியாது.

தமிழில் யோசித்துப் பார்த்தால் சட்டென்று புரியும். எள்ளிலிருந்து வந்த நெய் என்பதால் எண்ணெய். அப்புறம் அந்தச் சொல் எள்ளை உதறிவிட்டு, எதைப் பிழிந்து எடுத்தாலும் எண்ணெய் என்றாகி, கடைசியில் மண்ணெண்ணெய் வரைக்கும் வந்துவிட்டது. மண்ணெண்ணெயில் எள்ளைத் தேடுகிறவரைப் பார்த்துச் சிரிப்போம். எபிரேயத்தில் அதே வேலையைச் செய்கிறவரை மட்டும் ஆழமாகப் படித்தவர் என்கிறோம்.

இந்தப் பழக்கத்தை முதலில் பலமாகத் தாக்கியவர் ஸ்காட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் பார். 1961இல் அவர் எழுதிய நூல், அன்று செல்வாக்கோடு இருந்த இறையியல் அகராதிகளையே குறிவைத்தது. ஒரு சொல்லின் வேரையும், அது வேறு வேறு இடங்களில் ஏற்ற எல்லாப் பொருள்களையும் மூட்டை கட்டி, ஒவ்வொரு வசனத்தின் தலையிலும் ஏற்றி வைக்கிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. சொல்லின் பொருளை அது நிற்கிற வாக்கியத்திலும், அதே காலத்து மற்ற வாக்கியங்களிலும் தேட வேண்டும் என்றார். அறுபது ஆண்டுகள் தாண்டிவிட்டன. பல்கலைக்கழகங்களில் அவர் சொன்னது ஏறக்குறைய ஏற்கப்பட்டுவிட்டது. மேடைகளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

'எலோஹிம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கடவுளைக் குறிக்கும் இந்தச் சொல் பழைய ஏற்பாட்டில் இரண்டாயிரம் முறைக்கு மேல் வருகிறது. அதன் இறுதியில் உள்ள 'இம்' பன்மை விகுதி. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவம் ஆதியாகமத்தின் முதல் வசனத்திலேயே ஒளிந்திருக்கிறது என்று ஒரு தரப்பு சொல்லும். இஸ்ரவேலர் முதலில் பல தெய்வங்களை வணங்கியதன் எச்சம் இது என்று மறுதரப்பு சொல்லும். இருவரும் கவனிக்கத் தவறுவது பக்கத்திலேயே நிற்கும் வினைச்சொல்லை. 'பாரா', படைத்தார், என்பது அங்கே ஒருமை. பெலிஸ்தரின் தெய்வம் தாகோன் ஒருவனைச் சொல்லும்போதும், மோவாபியரின் தெய்வம் காமோஸ் ஒருவனைச் சொல்லும்போதும் இதே பன்மை வடிவம்தான் வருகிறது. தாகோனுக்குத் திரித்துவம் இருந்ததாக யாரும் சொல்வதில்லை. எபிரேயத்துக்கும் வெளியே போனால், கி.மு. 14ஆம் நூற்றாண்டில் கானான் நாட்டுச் சிற்றரசர்கள் எகிப்துக்கு எழுதிய அமர்னா கடிதங்களில், பார்வோன் ஒருவனையே 'என் தெய்வங்களே' என்று பன்மையில் விளிக்கிறார்கள். மரியாதைக்கோ பெருமைக்கோ பன்மை போடுவது தமிழருக்குப் புதிதா என்ன?

பண்டைய இஸ்ரவேலில் பல தெய்வ வழிபாடு இருந்ததா என்ற கேள்வி இதனால் முடிந்துவிடவில்லை. அதற்கு வேறு சான்றுகள் உண்டு. உபாகமம் 32:8இல் இன்றைய எபிரேயப் பிரதி 'இஸ்ரவேல் புத்திரர்' என்று சொல்லும் இடத்தில், சவக்கடல் ஓரத்துக் கும்ரானில் கிடைத்த ஒரு பழைய சுருள் 'தேவ புத்திரர்' என்கிறது. வாதாடுவதானால் இதை வைத்துத்தான் வாதாட வேண்டும். ஒரு விகுதி அந்தப் பாரத்தைத் தாங்காது.

'ராக்கியா' இன்னொரு உதாரணம். ஆதியாகமம் 1:6இல் தமிழ் வேதாகமம் 'ஆகாயவிரிவு' என்று சொல்வது இதைத்தான். இதன் வினைச்சொல்லுக்கு அடித்துத் தட்டுதல், தகடாக்குதல் என்று பொருள். யாத்திராகமம் 39:3இல் பொன்னைத் தகடாக அடிப்பதற்கு அதுவே வருகிறது. ஆகவே வானம் ஒரு உலோகக் கூரை என்று வேதாகமம் சொல்கிறது, அது தவறு என்கிறார் விமர்சகர். இல்லை, அதே வினை பூமியைப் பரப்புவதற்கும் ஏசாயாவில் வருகிறது, ஆகவே 'விரிவு' மட்டுமே என்கிறார் ஆதரவாளர். என் கருத்து விமர்சகர் பக்கம்தான், ஆனால் அவர் காட்டும் காரணத்துக்காக அல்ல. அந்த விரிவுக்கு மேலே தண்ணீர் இருக்கிறது என்று அடுத்த வசனமே சொல்கிறது. வெள்ளத்தின்போது வானத்தின் மதகுகள் திறக்கின்றன. யோபு 37:18 வானத்தை வார்ப்புக் கண்ணாடிபோலக் கெட்டியானது என்கிறது. அக்கம்பக்கத்து மக்கள் எப்படி வானத்தைக் கற்பனை செய்தார்களோ, அப்படியே இவர்களும் செய்தார்கள் என்று நினைக்க இந்த வாக்கியங்களே போதும். வேர் வேறாக இருந்திருந்தாலும் முடிவு மாறாது.

இந்த விவகாரங்களிலேயே அதிகம் மை செலவானது 'அல்மா' மீது. ஏசாயா 7:14. தமிழில் 'இதோ, ஒரு கன்னிகை கர்ப்பவதியாகி' என்று வரும் வசனம். மத்தேயு இதை இயேசுவின் பிறப்போடு பொருத்தினார். அவர் கையில் இருந்த வாசகத்தில் 'பார்தெனோஸ்', அதாவது கன்னி என்று இருந்தது. யூதர்களே கிறிஸ்துவுக்கு முன்பு செய்த கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தின் சொல் அது. இரண்டாம் நூற்றாண்டிலேயே சண்டை தொடங்கிவிட்டது. ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் திரிபோ என்ற யூதரோடு நடத்தியதாக எழுதியிருக்கும் உரையாடலில், இது கன்னியைக் குறிக்கவில்லை, இளம்பெண்ணைத்தான் குறிக்கிறது என்கிறார் திரிபோ. ஆக்கிலா, சிம்மாக்கஸ், தியோடோஷன் மூவரும் தங்கள் கிரேக்க மொழிபெயர்ப்புகளில் 'நியானிஸ்', இளம்பெண், என்றே போட்டார்கள். 1952இல் ஆங்கிலத்தில் திருத்திய பதிப்பொன்று 'இளம்பெண்' என்று அச்சிட்டபோது, அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு போதகர் அந்தப் பக்கத்தை எரித்துக் காட்டினார்.

வேர்ச்சொல் வாதம் இதில் நுழைந்தது ஜெரோம் வழியாக. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எபிரேயம் கற்று லத்தீனில் மொழிபெயர்த்தவர். 'அல்மா' என்பதை மறைத்தல் என்ற பொருளுள்ள வேரோடு இணைத்து, மறைத்துக் காக்கப்பட்டவள், ஆகவே கன்னியிலும் கன்னி என்று விளக்கினார். அழகான விளக்கம். ஆனால் இதே சொல்லுக்கு எபிரேயத்தில் ஆண்பால் வடிவம் இருக்கிறது: 'எலெம்'. 1 சாமுவேல் 17:56இல் கோலியாத்தை எதிர்க்கப் புறப்பட்ட தாவீதைப் பார்த்து, இந்தப் பிள்ளை யாருடைய மகன் என்று சவுல் விசாரிக்கும் இடத்தில் வருவது அதுதான். தாவீதை யாரும் மறைத்து வைக்கவில்லை. அரபியில் இதற்கு உறவான 'குலாம்' என்பதற்கு வாலிபன் என்றுதான் பொருள். சிரியக் கடற்கரையில் 1929 முதல் தோண்டப்பட்ட உகரித்து நகரின் களிமண் பலகைகளில் இதே சொல்லின் பெண்பால் வடிவம் கிடைத்தது. நிலவுத் தெய்வத்தின் திருமணத்தைப் பற்றிய பாடல் ஒன்றில், இதோ அந்த இளம்பெண் ஒரு மகனைப் பெறுவாள் என்ற அறிவிப்பே வருகிறது. ஏசாயாவின் வாக்கிய அமைப்பு அந்தப் பகுதியில் பழகிப்போன ஒரு பிறப்பறிவிப்பு நடை என்று தெரிகிறது.

சரி, அப்படியானால் விமர்சகர் வென்றாரா? அவருடைய வாதத்திலும் ஓட்டை இருக்கிறது. ஏசாயா கன்னியைச் சொல்ல விரும்பியிருந்தால் 'பெத்துலா' என்ற சொல் இருக்கிறதே, அதைப் போட்டிருப்பாரே என்பார். அந்தப் பெத்துலாவும் அவ்வளவு கறாரான சொல் அல்ல. யோவேல் 1:8 தன் இளவயதுக் கணவனுக்காக அழும் பெத்துலாவைப் பற்றிப் பேசுகிறது. ரெபெக்காளைப் பெத்துலா என்று சொல்லிவிட்டு, ஒரு புருஷனையும் அறியாதவள் என்று ஆதியாகமம் கூடுதலாகவும் சொல்ல வேண்டியிருந்தது. அதே அத்தியாயம் பின்னால் அவளையே அல்மா என்றும் அழைக்கிறது. கிரேக்கப் 'பார்தெனோஸ்' சொல்லும் அப்படியே. ஷெகேம் தீனாளைக் கெடுத்த பிறகும் ஆதியாகமம் 34:3இல் செப்துவஜிந்து அவளைப் பார்தெனோஸ் என்றே சொல்கிறது. எந்தப் பக்கம் இழுத்தாலும் கயிறு கையோடு வந்துவிடுகிறது.

ஏசாயா 7ஆம் அத்தியாயத்தை முழுதாகப் படித்தால் சண்டை வேறு இடத்தில் இருப்பது தெரியும். கி.மு. 735 வாக்கில் இரண்டு அரசர்கள் சேர்ந்து எருசலேமை மிரட்டுகிறார்கள், ஆகாஸ் ராஜா நடுங்குகிறான். அந்தக் குழந்தைக்கு நல்லது கெட்டது தெரிவதற்கு முன்பே அந்த இரண்டு அரசர்களின் நாடும் பாழாகும் என்கிறது 16ஆம் வசனம். அடையாளம் ஆகாஸின் காலத்துக்கானது. அதை எழுநூறு ஆண்டுகள் கழித்து நடந்த பிறப்புக்கு மத்தேயு பொருத்தியது சரியா என்பது, ஒரு வாசகம் பின்னால் இன்னொரு பொருளைப் பெறலாமா என்ற கேள்வி. விசுவாசி பெறலாம் என்பார், மற்றவர் முடியாது என்பார். எந்த அகராதியும் இவர்களுக்குத் தீர்ப்பு சொல்லாது.

அதே அல்மா விவகாரத்தில் ஒரு விஷயம் மட்டும் தீர்ந்தது. யூதர்கள் வேதவாக்கியங்களைத் திருத்திவிட்டார்கள் என்று ஜஸ்டின் குற்றம் சாட்டியிருந்தார். 1947இல் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா பெருஞ்சுருள் கிறிஸ்துவுக்கு நூறாண்டுக்கு முன்பே எழுதப்பட்டது. அதிலும் 'அல்மா'தான். எபிரேய வாசகம் அந்த இடத்தில் மாறவில்லை. இதைச் சொன்னது கையெழுத்துப் பிரதி. வேர் ஆராய்ச்சிக்கு இதில் பங்கில்லை. நம்பகத்தன்மை என்று ஒரே பெயரில் நாம் பேசுவதில் வாசகம் மாறாமல் வந்ததா, எழுதியவருக்கு அந்தக் காலம் தெரிந்திருந்ததா, சொன்னது நடந்ததா, அதில் உள்ள போதனை மெய்யா என்று குறைந்தது நாலு கேள்விகள் இருக்கின்றன. சொல்லாராய்ச்சியின் கை முதல் இரண்டுக்குத்தான் எட்டும்.

கை நீண்டபோது என்ன ஆனது என்பதற்கு 'தெஹோம்' கதை இருக்கிறது. ஆதியாகமம் 1:2இல் ஆழத்தின்மேல் இருள் இருந்தது என்கிறோமே, அந்த ஆழம். ஜார்ஜ் ஸ்மித் 1876இல் பாபிலோனியப் படைப்புக் கதையை வெளியிட்டதும், அதில் பாபிலோனின் தெய்வம் மர்துக் கொன்று பிளக்கும் கடல் அரக்கியான தியாமத்தின் பெயர் எல்லோர் காதிலும் 'தெஹோம்' என்று ஒலித்தது. ஹெர்மன் குங்கெல் 1895இல் இந்த ஒப்புமையை விரிவான கோட்பாடாகவே ஆக்கினார். 1902இல் பெர்லினில் ஃபிரெட்ரிக் டெலிட்ஷ், கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் முன்னிலையில், வேதாகமத்தில் பாதி பாபிலோனின் கடன் என்ற தொனியில் உரையாற்ற, ஐரோப்பா முழுக்க ரகளை.

ஆனால் ஒலியியல் ஒத்துவரவில்லை. பாபிலோனியரின் அக்காடிய மொழி பழைய 'ஹ' ஒலியை இழந்துவிட்ட மொழி. தியாமத்திலிருந்து எபிரேயம் அந்தச் சொல்லை வாங்கியிருந்தால், நடுவில் அழுத்தமாக நிற்கும் 'ஹ' எங்கிருந்து வந்தது? உகரித்திலும் 'ஹ'வோடு இதே சொல் ஆழ்நீர் என்ற பொருளில் இருக்கிறது. இரண்டும், இந்த மொழிகளின் பொதுக் குடும்பமான செமிட்டிக்கின் பழைய சொல் ஒன்றின் பேரப்பிள்ளைகள், ஒன்று மற்றொன்றின் பிள்ளை அல்ல. சொல் கடன் வாங்கப்படவில்லை என்று இன்று உறுதியாகச் சொல்லலாம். இதைக் கேட்டதும் ஆதரவாளர்கள் வெற்றிக் கொடி ஏற்றிவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். சொல் வராமலே கதை வரலாம். நோவாவின் வெள்ளத்துக்கும் பாபிலோனிய கில்காமேஷ் காவியத்தின் வெள்ளத்துக்கும் உள்ள நெருக்கம், பறவைகளை வெளியே விட்டுப் பார்ப்பது வரைக்கும், எந்த ஒரு சொல்லின் பிறப்பையும் நம்பி இல்லை.

சொல்லின் பிறப்பை வைத்து விளையாடுவதை வேதாகமம் தானே தொடங்கி வைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பாபேல் என்ற பெயரை, பாஷையைக் குழப்பியதால் வந்தது என்று 'பாலல்' என்ற வினையோடு இணைக்கிறது ஆதியாகமம் 11:9. பாபிலோனியர்களோ தங்கள் நகரின் பெயரை 'பாப்-இலி', தெய்வத்தின் வாசல், என்று எழுதினார்கள். வேதாகமம் தப்பு செய்துவிட்டது என்று சொல்லப் பலருக்கு ஆசை. பாபிலோனியர்களின் விளக்கமும் அதைவிடப் பழைய, பொருள் மறந்துபோன ஒரு பெயருக்குப் பின்னால் ஒட்டவைத்ததுதான் என்று அசீரியவியலாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஆக, இரண்டு ஊர்க்காரரும் செய்தது ஒரே வேலை. ஒருவர் பெருமைக்காக, மற்றவர் கேலிக்காக.

மோசே கதையிலும் அதுவே. தண்ணீரிலிருந்து எடுத்தேன் என்பதால் பார்வோனின் மகள் அப்படிப் பெயரிட்டாளாம், 'மாஷா' என்ற எபிரேய வினையை வைத்து. எகிப்து இளவரசி எபிரேயத்தில் சிலேடை செய்தாளா என்ற கேள்வி எழாமல் இருக்காது. எகிப்தியத்தில் 'பிறந்தவன்' என்ற பொருளில் துத்மோஸ் போன்ற பெயர்களில் வரும் பகுதிதான் இது என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். விமர்சகருக்கு இது கதை புனையப்பட்டதற்கு ஆதாரம். ஆதரவாளருக்கோ, எழுதியவருக்கே புரியாத ஓர் எகிப்தியப் பெயர் மரபில் நின்றுவிட்டதே, அதுவே பழமைக்கு ஆதாரம். இரண்டாவது வாதம் எனக்கு ஓரளவு பிடிக்கும். பினெகாஸ் போன்ற பெயர்களும் எகிப்தியமே. ஆனால் எகிப்து கானானைப் பல நூற்றாண்டுகள் ஆண்டிருக்கிறது. எகிப்தியப் பெயர் வைக்க எகிப்துக்குப் போக வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

நோவாவுக்கு வரும்போது யூத வேத ஆசான்களான ரபிகளே முகம் சுளித்திருக்கிறார்கள். ஆதியாகமம் 5:29 அந்தப் பெயரைத் தேற்றுதல் என்ற வினையால் விளக்குகிறது; பெயரோ இளைப்பாறுதல் என்ற வேரோடுதான் பொருந்துகிறது. பெயருக்கும் விளக்கத்துக்கும் பொருத்தமில்லையே என்று ஆதியாகமத்துக்கான பழைய மித்ராஷ் உரையில் ரபி யோகனான் சொல்கிறார். கிரேக்க மொழிபெயர்ப்பாளரும் வினையை மாற்றி, இளைப்பாற்றுவான் என்று சரிசெய்துவிட்டார். சாமுவேலின் பிறப்பில் இது இன்னும் சுவையானது. கர்த்தரிடம் கேட்டேன் என்று சொல்லி அன்னாள் பெயர் வைக்கிறாள். 'கேட்கப்பட்டவன்' என்பதற்கான எபிரேயம் 'ஷாவுல்', அதாவது சவுலின் பெயர். 1 சாமுவேல் 1:28இல் அந்த வடிவமே அப்படியே நிற்கிறது. இது முதலில் சவுலின் பிறப்புக் கதையாக இருந்து பிறகு சாமுவேலுக்கு மாறியது என்று சில அறிஞர்கள் வாதிடுகிறார்கள். பெயர் விளக்கங்களை அக்காலத்து மனிதர்கள் ஒலி ஒற்றுமையாகவே கண்டார்கள், அவற்றை மொழியியலாக எடுத்துக்கொண்டு பிழை கண்டுபிடிப்பதும் வீண், பிழையில்லை என்று நிரூபிப்பதும் வீண் என்பது என் எண்ணம். ஆனால் சவுல் கதைபோல, ஒட்டு தெரிகிற இடங்களில் அவை எழுத்தின் வரலாற்றைக் காட்டிக்கொடுக்கும்.

ஆதாமிலிருந்து நோவா வரைக்கும் பத்துப் பெயர்களின் பொருளை வரிசையாக வைத்தால் சுவிசேஷமே வாக்கியமாக வருகிறது என்று ஒரு செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மெத்தூசலா என்றால் 'அவன் மரணம் கொண்டுவரும்' என்பார்கள். இயல்பான வாசிப்பு 'ஈட்டி மனிதன்' என்பதற்கு நெருக்கமானது. லாமேக்கு என்ற பெயருக்கு எபிரேயத்தில் தெளிவான வேரே இல்லை. வாக்கியத்துக்கு ஒரு சோகம் தேவைப்பட்டதால் 'துயரப்படுபவன்' ஆகிவிட்டான். எதிர்முனையிலும் இதே விளையாட்டு நடந்திருக்கிறது. சவக்கடல் சுருள்களை வாசித்த குழுவிலேயே இருந்த ஜான் அலெக்ரோ, 1970இல் சுமேரியச் சொற்களை வைத்து, கிறிஸ்தவமே போதைக் காளான் வழிபாட்டின் மறைமொழி என்றார். சுமேரியம் செமிட்டிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழியே அல்ல. 1985இல் லெபனான் வரலாற்றாசிரியர் கமால் சலிபி, வேதாகம ஊர்ப்பெயர்களை மேற்கு அரேபியாவின் ஆசிர் பகுதி ஊர்ப்பெயர்களோடு மெய்யெழுத்து மெய்யெழுத்தாகப் பொருத்தி, இஸ்ரவேலர் வாழ்ந்ததே அங்கேதான் என்றார். மெய்களை இடம் மாற்றவும் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடவும் அனுமதித்துவிட்டால், எந்த வரைபடத்தின் மேலும் எந்த வரைபடத்தையும் ஒட்டலாம்.

உயிர்க்குறிகள் இல்லாத எழுத்து என்பதுதான் இந்தச் சுதந்திரத்துக்குக் காரணம். இன்று எபிரேய வேதாகமத்தில் காணும் புள்ளிகளும் கோடுகளும் மசோரெத்தியர் என்ற அறிஞர்கள் ஏறக்குறைய கி.பி. 7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை சேர்த்தவை. எலியா லெவிதா என்ற யூத அறிஞர் 1538இல் இதைச் சொன்னபோதும், லூயி கப்பேல் 1624இல் விரிவாக நிறுவியபோதும் பல சீர்திருத்தத் திருச்சபையினர் பதறினார்கள். உயிர்க்குறி மனிதர் போட்டது என்றால் வேதத்தின் பொருளே மனிதர் கையில் போய்விடுமே என்ற பயம். 1675இல் சுவிஸ் திருச்சபைகளின் அறிக்கை ஒன்று, அந்தப் புள்ளிகளுக்கும், குறைந்தபட்சம் அவற்றின் பொருளுக்கும், தெய்வ ஏவுதல் உண்டு என்றே அறிவித்தது. அது நிற்கவில்லை. ஆதியாகமம் 47:31இல் யாக்கோபு தலைவணங்கியது கட்டிலின் தலைமாட்டிலா, கோலின் முனையிலா? 'மித்தா' என்று வாசித்தால் கட்டில், 'மத்தே' என்றால் கோல், மெய்கள் அதேதான். எபிரேயப் பிரதி கட்டில் என்கிறது, செப்துவஜிந்து கோல் என்கிறது, எபிரெயர் நிருபம் 11:21 கோலையே எடுத்தாள்கிறது. இரண்டையும் ஒரே தமிழ் வேதாகமத்தில் வாசிக்கலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, சொல்லாராய்ச்சியால் உருப்படியாக எதுவும் நடக்கவில்லை என்று தோன்றலாம். நடந்திருக்கிறது, அமைதியாக. 1 சாமுவேல் 13:21இல் 'பீம்' என்று ஒரு சொல். வேதாகமம் முழுக்க அங்கே மட்டும்தான் வருகிறது. இப்படி ஒரே முறை வரும் சொற்கள் எபிரேய வேதாகமத்தில் ஆயிரத்துக்கும் மேல். பழைய மொழிபெயர்ப்பாளர்கள் ஊகத்தில் 'அரம்' என்று போட்டார்கள், தமிழிலும் அரம்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகழாய்வுகளில் சிறு எடைக்கற்கள் கிடைத்தன, மேலே அதே மூன்றெழுத்து. ஒவ்வொன்றும் எட்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு, ஒரு சேக்கலில் மூன்றில் இரண்டு பங்கு. பெலிஸ்தர் கலப்பையைத் தீட்ட வாங்கிய கூலி அது. இந்தக் கற்கள் பெரும்பாலும் கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டு யூதாவைச் சேர்ந்தவை, பிறகு வழக்கொழிந்துவிட்டன. எபிரேய வரலாற்று நூல்கள் முழுக்கக் கிரேக்கர் காலத்தில் புனையப்பட்டவை என்று சொன்னவர்களுக்கு எதிராகத் தொல்லியலாளர் வில்லியம் டேவர் இதை எடுத்துக் காட்டினார். பொருள் புரியாமலே ஒரு சொல்லைப் பல நூற்றாண்டுகள் பிசகாமல் நகலெடுத்தார்கள் என்பதுதான் எனக்கு இதில் பெரிய ஆச்சரியம். ஆனால் அதே அத்தியாயத்தின் முதல் வசனத்தில், சவுல் ராஜாவானபோது அவனுக்கு என்ன வயது என்ற எண் எபிரேயப் பிரதியில் விழுந்துபோயிருக்கிறது. ஒரே பக்கத்தில் கவனமும் உண்டு, கோட்டை விட்டதும் உண்டு.

'ரெஏம்' என்ற விலங்கு ஆங்கிலத்தில் ஒற்றைக்கொம்பன் ஆகி, தமிழில் காண்டாமிருகம் ஆனது. வேதாகமத்தைக் கிண்டல் செய்ய ஒற்றைக்கொம்பன் நன்றாகப் பயன்பட்டது. அக்காடியத்தில் 'ரீமு' என்றால் காட்டுமாடு, அசீரிய அரசர்கள் அதை வேட்டையாடியதை எழுதி வைத்திருக்கிறார்கள். உபாகமம் 33:17 அந்த ஒரு விலங்குக்கே கொம்புகள் என்று பன்மையில் சொல்வதும் இதோடு பொருந்துகிறது. உறவுமொழி, வாக்கியம் இரண்டும் ஒத்துப்போனால் கிடைக்கும் பலன் இது.

காலக்கணிப்புக்கு அதிகம் உதவுவது கடன்சொற்கள். தானியேல் 3:5இல் நேபுகாத்நேச்சாரின் சிலைக்கு முன்னால் ஒலிக்கும் வாத்தியங்களில் மூன்றின் பெயர் கிரேக்கம்: கித்தாரிஸ், ப்சால்தேரியோன், சிம்ஃபோனியா. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எஸ். ஆர். டிரைவர், அந்த நூலின் கிரேக்கச் சொற்கள் கி.மு. 332இல் அலெக்சாந்தர் பாலஸ்தீனத்தைப் பிடித்ததற்குப் பிந்திய காலத்தைக் கட்டாயமாகக் கோருகின்றன என்று தீர்ப்பு எழுதினார். நல்ல வாதம், சற்று அதிகமாக இறுக்கிய வாதம். நேபுகாத்நேச்சார் காலத்திலேயே பாபிலோனில் கிரேக்கக் கைவினைஞர்களுக்குப் படி அளந்த களிமண் பலகைகள் இருக்கின்றன. ஆள் போனால் வாத்தியமும் பெயரும் கூடவே போகும். இருந்தாலும் சிம்ஃபோனியா ஒரு வாத்தியத்தின் பெயராக, நாம் கி.மு. 2ஆம் நூற்றாண்டோடு இணைக்கும் எழுத்துகளில்தான் தெரியவருகிறது. பாபிலோனிய அரசவையில் 'சத்ரப்' போன்ற பாரசீகப் பதவிப் பெயர்கள் வருவதும் உறுத்துகிறது. தானியேல் கி.மு. 165 வாக்கில் இன்றைய வடிவம் பெற்றது என்பதற்கு வலுவான காரணம், கி.பி. மூன்றாம் நூற்றாண்டிலேயே போர்ஃபிரி என்ற தத்துவவாதி சுட்டிக்காட்டிய 11ஆம் அத்தியாயம்: யூதர்களை ஒடுக்கிய கிரேக்க அரசன் அந்தியோக்கஸ் எபிஃபனேஸின் காலம் வரை நுணுக்கமாகச் சரியாக வந்துவிட்டு, அவன் முடிவைச் சொல்லும்போது தடம் மாறுகிறது. வாத்தியங்கள் அதற்குத் துணைச் சாட்சி.

தமிழ் வாசகர்கள் எல்லோருக்கும் தெரிந்த கடன்சொல் ஒன்று பாக்கி இருக்கிறது. 1 இராஜாக்கள் 10:22இல் சாலொமோனின் கப்பல்கள் மூன்று வருடத்துக்கு ஒரு முறை தந்தம், குரங்கு, மயில் எல்லாம் கொண்டுவருகின்றன. மயிலுக்கான 'துக்கி' என்ற சொல் தமிழ்த் 'தோகை' என்று கால்டுவெல் 1856இல் எழுதினார். எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய திராவிடச் சொல் இதுவாகலாம் என்பது அவர் கணிப்பு. நமக்கு இதில் பெருமை உண்டு, வேதாகம ஆதரவாளருக்கும் பெருமை உண்டு: பாருங்கள், சாலொமோனின் கப்பல் தென்னிந்தியா வரைக்கும் வந்தது! எகிப்திய ஆராய்ச்சியில் தோய்ந்த டபிள்யூ. எஃப். ஆல்பிரைட் இதை ஒப்புக்கொள்ளவில்லை. எகிப்தியத்தில் ஒருவகைக் குரங்குக்கு இதைப்போல ஒரு பெயர் இருக்கிறது, பட்டியலில் பக்கத்தில் இருப்பதும் குரங்குதான், ஆகவே செங்கடல் ஓரத்து ஆப்பிரிக்கச் சரக்கு இது என்றார். தோகைதான் சரி என்றே வைத்துக்கொண்டாலும், தெற்கிலிருந்து கைமாறிக் கைமாறி ஒரு சொல் எபிரேயத்துக்கு வந்து சேர்ந்தது என்பதைத்தான் அது காட்டும். இராஜாக்கள் நூல் கி.மு. 561இல் யோயாக்கீன் ராஜா சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டதோடு முடிகிறது. இன்றைய வடிவம் அதற்குப் பிறகுதான். சாலொமோனுக்கும் அதற்கும் இடையில் நானூறு ஆண்டுகள் இருக்கின்றன, ஒரு சொல் வந்து சேர அது தாராளம். இதற்கு நடுவில், செப்துவஜிந்தின் முக்கியமான பிரதியில் அதே வசனத்தில் குரங்கும் இல்லை, மயிலும் இல்லை. பொன், வெள்ளியோடு செதுக்கிய கற்கள்தான் வருகின்றன. சாலொமோனின் மயிலுக்காக வாதாட வருகிறவர், தோகையைப் பற்றிப் பேசும் முன், இந்த இரண்டு வாசகங்களில் எது மூத்தது என்பதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.